இலையின் அடிப்பக்கம் பார்ப்போம்
பூஞ்செடிகளுக்கு வரும் துரு நோய் – ஒரு பாடம்



லயத்து வாசலில் நாலு பூஞ்செடி இல்லாத வீடு நம் தோட்டங்களில் குறைவு. பழைய பால்மா டின்னில் ஒரு ஜெரேனியம், வேலியோரம் செவ்வந்தி, கோயிலடியில் ஒரு அரலியா மரம். சாமிக்கும் தலைக்கும் அதிலிருந்துதான் பூ. ஒருவர் வீட்டில் நல்லதாகப் பூத்தால் மற்றவர் ஒரு கிளை கேட்பார், நாமும் சந்தோசமாக ஒடித்துக் கொடுப்போம். அப்படிக் கொடுக்கும் கிளையோடு சில வேளை கண்ணுக்குத் தெரியாத ஒரு நோயும் சேர்ந்து போகிறது. அதுதான் துரு நோய். அதை அடையாளம் காண்பது எப்படி என்று இந்த இதழில் படிப்போம். பாடத்தை மலைநாட்டில் தொடங்காமல், கடல் நடுவே இருக்கும் மடத்துவெளியில் தொடங்குகிறோம்.

1. மடத்துவெளியில் ஒரு கேள்வி

மடத்துவெளி புங்குடுதீவில் உள்ள ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைத் தாண்டி, வேலணை வழியாகப் போய், கடலுக்கு நடுவே போட்ட பாலத்தைக் கடந்தால் புங்குடுதீவு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறுகிற குறிகட்டுவான் துறை அதே தீவில்தான் இருக்கிறது.

நம் தோட்டப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறார். ஒருமுறை தாய்வீட்டுக்கு வந்து திரும்பும்போது லயத்தடி அரலியாவில் ஒரு கிளை ஒடித்துக்கொண்டு போய் முற்றத்தில் நட்டார். தமிழில் ஈழத்தலரி என்று சொல்வதும், சிங்களத்தில் அரலிய என்று சொல்வதும் இந்த மரத்தைத்தான். கிளை துளிர்த்து வளர்ந்து பூத்தது. பிறகு ஒரு கார்த்திகை மழையில் இலைகளின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள் விழுந்தன. நாளாக நாளாகப் புள்ளிகள் பழுப்பாகி, இலைகள் உதிரத் தொடங்கின.

"உப்புத் தண்ணி பட்டிருக்கும் பிள்ளை, எங்கட கிணத்துத் தண்ணி சவர்தானே" என்றார் மாமியார். "தகரத்தால வடிஞ்ச தண்ணி பட்டு இரும்புக் கறை பிடிச்சிருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. இன்னொருவர், "மலையில இருந்து கொண்டு வந்த வருத்தம் இது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் பிள்ளையின் மனதில் தைத்தது. அதே நேரத்தில் கோயில்காரர், வீதியில் நடுவதற்கு இரண்டு கிளை கேட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் போயிருந்த எங்களிடம் பிள்ளை கேட்ட கேள்வி இதுதான்: "இது என்ன நோயிங்க? கோயிலுக்குக் கெளை குடுக்கலாமா, வேணாமா? நான்தான் இத ஊருக்குக் கொண்டாந்துட்டேனா?"

மூன்று கேள்விகள். நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் இலையைத் திருப்பிப் பார்த்தோம்.

2. துரு என்றால் என்ன?

பெயர் துரு என்றாலும் இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஒரு பங்கசு. பழைய பாணில் பூக்கும் பூஞ்சணமும் பங்கசுதான். ஆனால் பாண் பூஞ்சணம் செத்த பொருளில் வாழும். துருப் பங்கசுக்கு உயிருள்ள செடி வேண்டும். இலைக்குள் புகுந்து, இலை செய்யும் உணவை உறிஞ்சிக் குடிக்கும். செடியைச் சட்டென்று கொல்லாது. வட்டிக்காரனைப் போல, ஆளை உயிரோடு வைத்துக்கொண்டே உருக்கும்.

உள்ளே வளர்ந்த பங்கசு ஒரு நாள் இலைத் தோலைக் கிழித்துக்கொண்டு சின்னச் சின்னக் கொப்புளமாக வெளியே வரும். கொப்புளத்தில் மஞ்சள், செம்மஞ்சள் அல்லது பழுப்பு நிறத் தூள் இருக்கும். அந்தத் தூள்தான் வித்திகள். ஒரு கொப்புளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். காற்று, மழைத்துளி, நம் கை, உடுப்பு, கத்தி எல்லாமே அவற்றைக் கொண்டு போகும். வேறொரு இலையில் விழுந்த வித்தி முளைக்க அந்த இலையில் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். ஆகையால்தான் மழைக்காலத்திலும் பனி விழும் நாட்களிலும் துரு பெருகுகிறது.

இரண்டு விசயத்தை மனதில் வையுங்கள். ஒன்று, வித்தி விழுந்த நாளிலேயே நோய் தெரியாது. நோயைப் பொறுத்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை இலை சுத்தமாகவே இருக்கும். "நல்ல செடியாத்தானே வாங்கினோம்" என்று நாம் சொல்வதற்கு இதுதான் காரணம். இரண்டு, பெரும்பாலும் ஒவ்வொரு துருவுக்கும் ஒரு செடி இனம் அல்லது அதன் நெருங்கிய சொந்தம்தான் உணவு. அரலியாத் துரு ரோசாவுக்குப் போகாது, ரோசாத் துரு செவ்வந்திக்குப் போகாது. ஆகவே துருவை அடையாளம் காண முதலில் செடி எது என்று சரியாகத் தெரிய வேண்டும்.

3. ஐந்து சோதனைகள்

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைத் துணித் துண்டு, பென்சில், கொப்பித் தாள், கிடைத்தால் ஒரு கைவில்லை போதும்.

முதல் சோதனை: இலையைத் திருப்புங்கள். மேலே மஞ்சள் புள்ளி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, அடிப்பக்கத்தில் கொப்புளம் இருக்கிறதா? பெரும்பாலான துருக்கள் அடிப்பக்கத்தில்தான் வெடிக்கும்.

இரண்டாவது: வெள்ளைத் துணியால் மெதுவாகத் தடவுங்கள். மஞ்சள் அல்லது பழுப்புத் தூள் ஒட்டினால் துரு என்ற சந்தேகம் பலமாகிறது.

மூன்றாவது: கைவில்லையால் பாருங்கள். இலைத் தோல் உள்ளிருந்து வெடித்து, ஓரம் கிழிந்திருந்தால் அது துரு. மேலே படிந்த அழுக்குக்குக் கிழிந்த ஓரம் இருக்காது.

நான்காவது: பக்கத்தில் நிற்கும் வேறு இனச் செடிகளைப் பாருங்கள். ஒரே இனத்தில் மட்டும் நோய் இருந்தால் அது துருவின் குணம். எல்லாச் செடியிலும் ஒரே மாதிரிப் புள்ளி இருந்தால் தண்ணீர், வெயில், மருந்துப் புகை என்று வேறு காரணம் தேட வேண்டும்.

ஐந்தாவது: மூன்று இலைகளில் அடையாள நூல் கட்டி, கொப்புளங்களை எண்ணித் திகதியோடு எழுதி வையுங்கள். ஏழு நாள் கழித்துத் திரும்ப எண்ணுங்கள். தொகை கூடினால் உயிருள்ள நோய். கறை என்றால் கூடாது.

4. துரு மாதிரித் தெரியும், ஆனால் துரு அல்ல

உப்புக் கருகல்: தீவுப் பகுதியில் சவர்த் தண்ணீர் ஊற்றும் செடிகளில் வரும். இலை நுனியிலும் ஓரத்திலும் தொடங்கிக் காய்ந்து பழுப்பாகும். தூள் இருக்காது.

தகரக் கறை: மேல்பக்கத்தில்தான் இருக்கும். தண்ணீர் வடியும் வரிசையில் நிற்கும் செடிகளில் மட்டும் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

வெயிற் சூடு: வெயில் பார்த்த பக்கத்தில் வெளுத்த பெரிய திட்டு. கொப்புளம் இருக்காது.

சாம்பல் நோய்: இதுவும் பங்கசுதான். ஆனால் மாவு தூவின மாதிரி வெள்ளையாக, பெரும்பாலும் மேல்பக்கத்தில் படரும்.

தேயிலைச் செந்துரு: நமக்குப் பழக்கமான பெயர் இது. துரைமார் 'ரெட் ரஸ்ட்' என்பார்கள். பெயரில் துரு இருந்தாலும் இது பங்கசு அல்ல, பாசி இனம். செம்மஞ்சளாக, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். "இது தேயிலையில இருந்து பூச்செடிக்கு ஏறிருச்சு" என்று துருவைப் பார்த்துச் சிலர் சொல்வது சரியில்லை.

5. எந்தப் பூவில் எப்படி?

அரலியா: அடிப்பக்கம் முழுவதும் பொட்டுப் பொட்டாகச் செம்மஞ்சள் தூள். மேலே மஞ்சள் புள்ளி, பிறகு பழுப்பு. இலை முன்கூட்டியே உதிரும். இந்தப் பங்கசுக்கு அறிவியற் பெயர் கொலியோஸ்போரியம் புளுமேரியே. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான குவாதலூப்பிலிருந்து 1902இல் விவரிக்கப்பட்டது. அரலியா மரத்தின் தாயகமும் அந்த அமெரிக்கப் பக்கம்தான். மரம் பல நூற்றாண்டுக்கு முன்பே உலகம் சுற்றிவிட்டது, நோய் பின்னால் மெதுவாக வந்தது. 1990களில் ஹவாய்த் தீவுகளில் கண்டார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் தாய்வான், இந்தியா, மலேசியா ஆகிய நாடுகளிலிருந்தும் பதிவுகள் வந்தன.

செவ்வந்தி: இதற்கு இரண்டு துரு உண்டு. ஒன்று பழுப்புத் தூள் துரு. மற்றது வெள்ளைத் துரு, அதுதான் பொல்லாதது. மேல்பக்கத்தில் வெளிறிய பள்ளமான புள்ளி, அடியில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு மெழுகுக் கட்டி. தடவினால் தூள் ஒட்டாது, ஆகையால் இரண்டாவது சோதனை இங்கே ஏமாற்றும். 1895இல் ஜப்பானில் கண்ட இந்த நோய் 1963இல் இங்கிலாந்துக்குப் போய், பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. குளிரும் ஈரமும் இதற்குப் பிடிக்கும். மலைநாட்டில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

ஜெரேனியம்: அடிப்பக்கத்தில் பழுப்புக் கொப்புளங்கள் வளையம் வளையமாக இருக்கும். தென்னாபிரிக்காவில் பிறந்து, 1960களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன நோய்.

கிளாடியோலஸ்: இலை நீளவாக்கில் இருக்க, கொப்புளங்கள் குறுக்குவாக்கில் கோடு கோடாக நிற்கும். இப்படிக் குறுக்கே நிற்பதே இதன் முத்திரை.

ரோசா: அடியில் செம்மஞ்சள் தூள், நாள் போகப் போகக் கறுப்புப் பொட்டு.

கல்வாழை: அடியில் மஞ்சளும் பழுப்புமாகத் தூள். வெப்ப நாடுகளில் பரவலாக உண்டு.

மல்லிகை: இந்தியாவில் நெடுங்காலமாக அறிந்த ஒரு துரு, கொழுந்தையும் இளந்தண்டையும் வீங்கி வளையச் செய்து மஞ்சள் தூள் கக்கும்.

6. நம் குடும்பக் கதையில் ஒரு துரு

"பூச்செடி நோய்க்கு இவ்வளவு படிப்பா?" என்று சிலர் நினைக்கலாம். நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. கோப்பியை அழித்தது ஒரு துரு நோய்.

1869இல் மடூல்சீமைப் பக்கத்தில் ஒரு கோப்பித் தோட்டத்தில் இலையடியில் செம்மஞ்சள் தூள் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பங்கசு அறிஞர் அதே வருடம் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசம் செய்பவள். தோட்டக்காரர் அதை 'நாசக்கார எமிலி' என்று கேலியாகச் சொன்னார்கள். கேலி அதிக நாள் நிற்கவில்லை.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞர் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்தார். பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, வித்திகள் காற்றில் வருகின்றன என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதால் நோய்க்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டோம் என்பதும் அவர் சொன்ன பாடம். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1870இல் சுமார் நாலரைக் கோடி கிலோவாக இருந்த கோப்பி ஏற்றுமதி, 1889இல் சுமார் 23 இலட்சம் கிலோவாக விழுந்தது.

கோப்பிக்காலத்தில் நம்மவர் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். கோப்பி சாக, தேயிலை பரவ, குடும்பம் குடும்பமாக லயத்தில் குடியேறினார்கள். நாம் இங்கே பிறந்து வளர்ந்ததற்குப் பின்னால், இலையின் அடியில் இருந்த அந்த மஞ்சள் தூளும் ஒரு காரணம். 1946இல் தேயிலைக்கும் வெளியிலிருந்து கொப்புள நோய் வந்தது. அது துரு அல்ல, ஆனால் அதுவும் வந்து குடியேறிய பங்கசுதான். மலையில் மருந்தடிக்கும் நம் ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. 1869இல் யாரோ இலையைத் திருப்பிப் பார்த்ததால்தான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. முதல் கண் பெரும்பாலும் தோட்டத்தில் நிற்பவரின் கண்தான். ஆபீசில் இருப்பவர் பிறகுதான் பார்ப்பார்.

7. கண்டால் என்ன செய்வது?

அ. மழை ஈரம் இருக்கும்போது நோய்ச் செடியைத் தொடாதீர்கள். காய்ந்த பிறகு, நோய் இலைகளை உதறாமல் கிள்ளி, பையில் போட்டுக் கட்டுங்கள். பிறகு ஆழமாகப் புதையுங்கள். உதிர்ந்த இலைகளையும் கூட்டி எடுங்கள். குப்பைமேட்டில் எறிய வேண்டாம்.

ஆ. கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த செடிக்குப் போங்கள். அரலியாப் பால் தோலில் பட்டால் சிலருக்கு எரியும், கவனம்.

இ. தண்ணீரை இலையில் ஊற்றாமல் அடியில், காலையில் ஊற்றுங்கள். செடிகளுக்கிடையே காற்றுப் போக இடம் விடுங்கள்.

ஈ. புதிதாக வந்த செடியை மற்றச் செடிகளிலிருந்து தள்ளி ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை இலையைத் திருப்புங்கள்.

உ. நோய் இலையைக் கடித உறையில் போட்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம். போகும் வழியெல்லாம் வித்தி சிந்தும். இரண்டு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசிக் கேளுங்கள். கண் காட்டும் அடையாளத்தை உறுதிப்படுத்துவது நுணுக்குக்காட்டி.

ஊ. மருந்து கடைசி வழி. தோட்டத்து மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்தால் போன உயிர் திரும்பாது. சாமிக்கு வைக்கும் பூவையும், தலையில் சூடும் பூவையும் நினைத்துப் பாருங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் போதனாசிரியர் சொல்லட்டும்.

எ. வெளிநாட்டு வேலைக்குப் போய் வருபவர்களும், இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்களும் செடி, கிளை, கிழங்கு எதையும் அனுமதியில்லாமல் பையில் கொண்டுவரக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. செவ்வந்தி வெள்ளைத் துரு நாடு விட்டு நாடு போனது செடிகளோடுதான்.

8. மடத்துவெளிக்குத் திரும்புவோம்

பிள்ளையின் முற்றத்தில் இலையைத் திருப்பினோம். அடியில் பொட்டுப் பொட்டாகச் செம்மஞ்சள். துணியில் மஞ்சள்மாப் போல ஒட்டியது. ஓரம் கருகவில்லை, ஆகவே உப்பு அல்ல. மேல்பக்கம் கறையில்லை, ஆகவே தகரமும் அல்ல. பக்கத்தில் நின்ற செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் சுத்தமாக இருந்தன. அடையாளங்கள் எல்லாம் அரலியாத் துருவோடு பொருந்தின. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. படம் எடுத்துப் போதனாசிரியரிடம் காட்டும்படி சொன்னோம்.

இரண்டாவது கேள்விக்கு, "இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்" என்றோம். நோய் பிடித்த மரத்தின் கிளையைச் சுத்தமான இடத்துக்குக் கொடுப்பது நல்லதில்லை. கொடுப்பதென்றால், இலை சுத்தமாக உள்ள மரத்திலிருந்து, மழையில்லாத காலத்தில், இலை எல்லாம் நீக்கிய கிளையாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது கேள்விக்காகக் கோயிலடிக்கு நடந்தோம். அங்கே நின்றது, பெரியவர்கள் சின்ன வயதில் ஏறி விளையாடிய பழைய மரம். மாமியாரும் கூடவே வந்தார். தாழ்ந்த கிளையில் ஓர் இலையைத் திருப்பினோம். அதே தூள், முற்றத்து மரத்திலும் விடத் தடிப்பாக. "இது போன மாரியிலயும் இப்பிடித்தான் கிடந்தது, நாங்கள் ஆரும் திருப்பிப் பாக்கேல்லை" என்று பூசைக்குப் பூப் பறிக்கும் ஐயா சொன்னார். வித்தி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று அந்த இலை சொல்லாது. காற்றுக்கு ஊர்ப் பெயர் தெரியாது. ஆனால் முற்றத்து மரத்தில் நோய் தெரிவதற்கு முந்தைய மாரியிலேயே கோயில் மரத்தில் அது இருந்திருக்கிறது. அதற்கு மேல் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நாளைக்கு வெள்ளனத் தண்ணி காய்ஞ்சாப் பிறகு ரெண்டு பேருமா வந்து இந்த இலையள எடுப்பம் பிள்ளை" என்றார்.

நோய்க்குச் சரியான பெயர் தெரிந்தால் மருந்து மட்டுமல்ல, நியாயமும் கிடைக்கும். பெயர் தெரியாத இடத்தில்தான் வீண் பழி முளைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் வாசலில் உள்ள பூஞ்செடிகளில் எத்தனை இனத்தின் இலையடியைப் பார்த்தீர்கள்? என்ன கண்டீர்கள்?
2. உப்புக் கருகலையும் துருவையும் பிரித்தறியும் இரண்டு அடையாளங்கள் எவை?
3. தேயிலைச் செந்துரு ஏன் துரு நோய் அல்ல?
4. செவ்வந்தி வெள்ளைத் துருவில் துணிச் சோதனை ஏன் பயன்படாது?
5. உங்கள் தோட்டத்தில் வயதில் மூத்தவர் ஒருவரிடம், கோப்பிக்காலம் பற்றி அவர் கேள்விப்பட்டதைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து விடைகளைப் பேசிப் பாருங்கள். நாளைக் காலையில் பிரட்டுக்குப் போகும் முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று, ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்.